பத்து மீட்டருக்கு எந்தப் பிஸ்டல்? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பரிந்துரை

குறி பார்த்துச் சுட ஒரு பிஸ்டல் வாங்கலாம் என்றிருக்கிறேன், எது துல்லியமானது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: குழலை விடுங்கள், பிடியையும் டிரிக்கரையும் பாருங்கள். பந்தயத்துக்கென்று செய்த எந்த ஏர் பிஸ்டலையும், அதாவது காற்றழுத்தத்தில் சுடும் பிஸ்டலையும், ஒரு கவ்வியில் இறுக்கி வைத்துப் பத்து மீட்டரில் ஐந்து முறை சுட்டால், ஐந்து பெல்லட்டும் (சின்ன ஈயக் குண்டு) ஏறக்குறைய ஒரே ஓட்டைக்குள் போகும். முப்பது வருடப் பழையதும் அப்படித்தான் சுடும். நாம் பிடித்துச் சுடும்போதுதான் ஓட்டைகள் சிதறுகின்றன. அதனால் நம் கையைக் குறைவாகக் கெடுக்கிற பிஸ்டல்தான் நமக்குத் துல்லியமான பிஸ்டல்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் ஈப்போ பக்கம் இருக்கும் கிளப்புக்குப் போய்ச் சுடுவது சில வருடங்களாகப் பழக்கம். போட்டிக்குப் போகும் ஆள் இல்லை நான். ஆனால் அந்த ஒரு மணி நேரம் எனக்கு வாரத்திலேயே அமைதியான நேரம். அதைக் கெடுக்காத ஒரு கருவியைத் தேடித்தான் கிளப்பில் இருந்த அத்தனையையும் கையில் எடுத்துப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் துப்பாக்கி என்றால் பழையவர்களுக்கு முகம் மாறும். 1948 ஜூன் 16-ஆம் தேதி எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலாயாவில் அவசரகாலம் பிறந்ததே அதிலிருந்துதான். எங்கள் அம்மாச்சி அந்தக் காலத்தில் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவர். நான் பிஸ்டல் பழகுகிறேன் என்றதும் அவர் சொன்னது, “விளையாட்டுன்னா விளையாட்டாவே வச்சுக்க, வீட்டுக்குள்ள பேச்சு வேண்டாம்” என்பதுதான். அதை மதித்து இன்றுவரை வீட்டில் இதைப் பற்றி அளவாகத்தான் பேசுகிறேன்.

சட்டமும் விளையாட்டில்லை. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஏர் பிஸ்டலையும் ஆயுதம் என்றுதான் சொல்கிறது. காற்றில் சுடுவதுதானே, பொம்மை மாதிரிதானே என்று இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைக்க வேண்டாம். லைசன்ஸ் இல்லாமல் கையில் வைத்திருந்தாலே குற்றம். முதலில் கிளப்பில் சேருங்கள், கிளப் பிஸ்டலில் பழகுங்கள். விண்ணப்பம், விசாரணை எல்லாம் அப்புறம். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது: வாங்கும் முன்பே பல பிஸ்டல்களைச் சுட்டுப் பார்த்துவிடலாம். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்து வாங்குவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

சரி, பிஸ்டல்களுக்கு வருவோம்.

கிளப்பில் எல்லாரும் முதலில் கை நீட்டுவது ஸ்டேயர் எல்பி 10-க்கு. ஆஸ்திரியாவில் செய்தது. குழலுக்குக் கீழே 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பிய சிலிண்டர், அதன் முனையில் சின்ன அழுத்தமானி. உள்ளே பின்னதிர்வை வாங்கிக்கொள்ள ஒரு எடைக்கட்டை இருக்கிறது. சுட்டால், குறி பார்க்கக் குழல் முனையில் இருக்கும் முன் சைட் அசைந்த மாதிரியே தெரியாது. டிரிக்கரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. முதல் கட்டத்தில் விரல் மெதுவாகப் பின்னால் போய் ஒரு சுவரில் முட்டி நிற்கும். அந்தச் சுவரில் நின்றுகொண்டே சைட்டைச் சரி பார்க்கலாம், மூச்சை நிறுத்தலாம், வேண்டாம் என்றால் விரலை எடுத்துவிடலாம். இன்னும் ஒரு துளி அழுத்தம் கொடுத்தால் போதும், சுட்டுவிடும். பத்து மீட்டர் போட்டியில் டிரிக்கர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும் என்பது விதி. அந்த 500 கிராமும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலுக்குத் தெளிவாகத் தெரிவதுதான் நல்ல டிரிக்கருக்கு அடையாளம். எல்பி 10-இல் அது தெரியும்.

இதே வரிசையில் சுவிட்சர்லாந்தின் மொரினி சிஎம் 162 இஐ-யில் டிரிக்கர் மின்னணு முறையில் வேலை செய்கிறது, பேட்டரி போட வேண்டும். இன்னும் நயமானது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. என் மட்டத்தில் சுடுபவர்களுக்குத் தெரியவும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

இவற்றைப் புதிதாக வாங்கினால் ஒரு புது கப்சாய் மோட்டார் சைக்கிள் விலையைத் தாண்டும். அதுகூடப் பரவாயில்லை, ஆசைப்பட்டால் சேர்த்து வாங்கிவிடலாம். எங்களைப் போன்ற ஊரில் இருப்பவர்களுக்கு வேறொரு சங்கடம்: காற்று. 200 பார் காற்றை சுங்கை சிப்புட்டில் யார் நிரப்பித் தருவார்கள்? டயர் கடைக் காற்று அதில் ஒரு மூலைக்குக்கூட வராது. கடலுக்கடியில் நீந்துபவர்கள் முதுகில் மாட்டிக்கொள்வது போன்ற காற்று டேங்க் வேண்டும், இல்லையென்றால் உயரழுத்தக் கைப்பம்பு. நம் காற்றில் ஈரம் அதிகம். கைப்பம்பில் அடிக்கும்போது ஈரத்தைப் பிரித்தெடுக்காவிட்டால் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்ச் சேரும். இன்னொன்று, சிலிண்டருக்கு ஆயுள் பொதுவாக 10 வருடம். தயாரித்த தேதி அதன் மேலேயே பொறித்திருக்கும். ஒரு கடையில் எனக்குப் பழைய பிஸ்டல் ஒன்றைக் காட்டினார்கள், விலையும் கட்டுப்படி ஆனது. சிலிண்டரைத் திருப்பிப் பார்த்தால் தேதி எப்போதோ முடிந்துவிட்டது. கேட்டதற்கு “அது சும்மா எழுதியிருப்பாங்க அக்கா” என்றார்கள். 200 பார் அழுத்தத்தை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு சுடும் கருவியில் எதுவும் சும்மா எழுதியிருக்க மாட்டார்கள். அந்தக் கடைக்கு மறுபடி போகவில்லை.

இந்த இடத்தில்தான் ரஷ்யாவின் ஐஇசட்எச் 46எம் என் மனதைப் பிடித்தது. சிலிண்டர் கிடையாது. குழலுக்குக் கீழே இருக்கும் நெம்புகோலை முன்னால் திறந்து மூடினால், ஒரு சுடலுக்கு வேண்டிய காற்று அந்த ஒரு மூடலிலேயே அழுத்தப்பட்டுவிடும். டேங்க் வேண்டாம், பம்பு வேண்டாம், தேதி பார்க்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் அதே அளவு காற்று என்பதால் பெல்லட்டின் வேகமும் மாறாது. குழல் நீளம், கனமும் கொஞ்சம் முன்பக்கம். அந்த முன்கனம் கை நடுக்கத்தைக் குறைக்கிறது என்பது என் அனுபவம். மூடும்போது கடைசிக் கொஞ்சத்துக்குப் பலம் வேண்டும். அறுபது சுடல் சுட்டால் அறுபது முறை மூட வேண்டும். தோள் வலி உள்ளவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். எனக்கு அது நல்லதாகவே போய்விட்டது, ஒவ்வொரு சுடலுக்கும் நடுவில் கட்டாயமாக ஓர் இடைவெளி கிடைக்கிறது.

அதன் குறை பிடிதான். மரத்துண்டை அவசரத்தில் செதுக்கியது போல் தடித்து, சதுரமாக இருக்கிறது. எனக்குச் சின்னக் கை. முதலில் பிடித்தபோது விரல் நுனி டிரிக்கருக்குச் சரியாக எட்டவில்லை, விரலை முழுதும் நீட்டித்தான் தொட முடிந்தது. கிளப்பில் பழக்கிக் கொடுக்கும் அண்ணன் முன்பு போலீஸில் இருந்தவர். அவர் என் உள்ளங்கையில் சுண்ணக்கட்டித் தூளைத் தடவி, “இறுக்காம பிடிங்க தங்கச்சி” என்றார். பிடியை விட்ட பிறகு தூள் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்தோம். ஒட்டிய இடம் மேடு, அங்கே அரத்தால் தேய்க்க வேண்டும். ஒட்டாத இடம் பள்ளம், அங்கே மரப்புட்டி வைத்து நிரப்ப வேண்டும். கட்டைவிரல் அடிப்பக்கம் நிறையத் தேய்த்தோம். சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கையைத் தாங்கும் தட்டை ஒரு நூல் அளவு மேலே ஏற்றினோம். அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தினேன். கண்ணைத் திறந்தால் முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் தானாகவே நின்றது. பிஸ்டல் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். கண்ணைத் திறக்கும்போது முன் சைட் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால் பிடி உங்களுடையது இல்லை.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே 32 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் சைட் வெறும் 1 மில்லிமீட்டர் விலகினால், பத்து மீட்டர் தள்ளிக் குறி அட்டையில் பெல்லட் 31 மில்லிமீட்டர் விலகிப் போகும். பத்துப் புள்ளி வட்டத்தின் மொத்த அகலமே 11.5 மில்லிமீட்டர்தான். கறுப்பு வட்டம் முழுதும் 59.5 மில்லிமீட்டர். ஆக, அந்த ஒரு மில்லிமீட்டரில் கறுப்பின் ஓரத்துக்கே போய்விட்டோம். ஆனால் சைட் இரண்டும் நேராக இருந்து, கை மொத்தமாக 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் பெல்லட்டும் 5 மில்லிமீட்டர்தான் நகரும், அப்போதும் அது பத்துதான். கை ஆடுவதற்குப் பயப்பட வேண்டியதில்லை, மணிக்கட்டு திரும்புவதற்குத்தான் பயப்பட வேண்டும். மணிக்கட்டைத் திருப்புவது தவறான பிடியும் முரட்டு டிரிக்கரும்தான்.

ஃபைன்வெர்க்பாவ் 65 பற்றியும் ஒரு வார்த்தை. 1965-இல் வந்த ஜெர்மன் பிஸ்டல், சுருள்வில்லில் இயங்குவது. சுடும்போது மேல்பாகம் மொத்தமும் தண்டவாளத்தில் போல் பின்னால் நழுவி அதிர்வை விழுங்கிவிடும். அழகான வேலைப்பாடு, இன்றும் துல்லியம் குறையவில்லை. நல்ல நிலையில் ஒன்று கிடைத்து, காற்று கசியாமல் அடைக்கும் சீலை மாற்றத் தெரிந்தவரும் பக்கத்தில் இருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம்.

காற்றில் சுடுவது வேண்டாம், வெடிமருந்துத் தோட்டா போடும் பாயிண்ட் 22 பிஸ்டல்தான் வேண்டும் என்பவர்களும் எங்கள் கிளப்பில் இருக்கிறார்கள். சத்தமும் வெடிமருந்து வாசனையும் அவர்களுக்குப் பிடிக்கும், அதில் தப்பில்லை. ரூகர் மார்க் 4 நன்றாகச் சுடுகிறது. அதன் குழல் உடம்போடு நிலையாகப் பொருந்தியது, சைட்டும் அந்த நிலையான பாகத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, அதனால் சுடச்சுட விலகாது. பின்னால் ஒரு பொத்தானை அமுக்கினால் இரண்டாகக் கழன்றுவிடும், துடைப்பது சுலபம். டிரிக்கர் மட்டும் பெட்டியிலிருந்து வரும்போது 2 கிலோவை ஒட்டிக் கனமாக இருக்கிறது. 25 மீட்டர் போட்டி பிஸ்டலுக்கு விதி கேட்பது 1 கிலோதான். அந்த 1 கிலோவை ஒழுங்காகத் தருவது வால்தெர் ஜிஎஸ்பி. 1968-இலிருந்து வரும் வடிவம், தோட்டா மேகசின் டிரிக்கருக்கு முன்னால் இருக்கும், பார்க்கக் கொஞ்சம் பெட்டி மாதிரி. பழையதாகக் கிடைத்தால் ரூகரைவிட இதைத்தான் நான் சொல்வேன். எதை எடுத்தாலும் நாலைந்து வகைத் தோட்டாவைச் சுட்டுப் பாருங்கள். ஒரு குழலுக்குப் பிடித்த தோட்டா அடுத்த குழலுக்குப் பிடிக்காது. வேகமான தோட்டா வேண்டாம், சாதாரண வேகத் தோட்டாதான் அட்டையில் நெருங்கி விழும்.

ஆனால் புதிதாகப் பழகுபவருக்கு நான் பாயிண்ட் 22 சொல்ல மாட்டேன். தோட்டாவுக்கு ஆகும் செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தச் சத்தத்தில் விரல் செய்த பிழை மறைந்துவிடுகிறது. ஏர் பிஸ்டலில் பெல்லட் மெதுவாகத்தான் குழலை விட்டுப் போகும். விரல் விட்டதும் கையைத் தளர்த்தினால் அட்டையிலேயே தெரிந்துவிடும். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகெச் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டபடி நின்று வெள்ளி வாங்கினாரே, அந்தப் படத்தைப் பார்த்து எங்கள் கிளப்புக்கு வந்த பிள்ளைகள் நிறையப் பேர். அது பாவனை இல்லை. ஏர் பிஸ்டலை ஒரு கையில்தான் சுட வேண்டும், மற்றக் கை ஆடாமல் இருக்க அதை எங்கேயாவது நிறுத்த வேண்டும்.

ஆக, என் தேர்வு பழைய ஐஇசட்எச் 46எம்தான். புதிதாகக் கிடைப்பது அரிது. பழையதைப் பார்க்கப் போகிறவர்கள் நெம்புகோலை மூடியதும் உடனே சுட்டு ஒரு தரம், மூடி ஒரு நிமிடம் விட்டுச் சுட்டு ஒரு தரம் பாருங்கள். இரண்டாவது சத்தம் சோர்ந்து வந்தால் சீல் கசிகிறது. அதை மாற்றலாம், ஆனால் விலையில் அதைக் குறைக்கச் சொல்லுங்கள். பின் சைட்டின் திருகைத் திருப்பும்போது ஒவ்வொரு சொடுக்கும் விரலுக்குத் தெரிய வேண்டும். பெல்லட் தட்டைத் தலை உள்ளதாக எடுங்கள், அட்டையில் வட்டமாக வெட்டிக்கொண்டு போகும், புள்ளி எண்ணுவதில் சண்டை வராது. 4.49, 4.50 மில்லிமீட்டர் என்று அளவு போட்டு விற்பார்கள், இரண்டிலும் ஒவ்வொரு டப்பா வாங்கிச் சுட்டுப் பார்த்து நெருக்கமாக விழுவதை வைத்துக்கொள்ளுங்கள். சுட்டு முடித்ததும் வியர்வை பட்ட இரும்பை எண்ணெய்த் துணியால் துடையுங்கள், நம் ஊர் ஈரத்துக்கு ஒரு வாரம் போதும், துரு பிடித்துவிடும். இடக்கைக்காரர்கள் பிடியைத் தனியாகச் செய்துகொள்ள வேண்டியிருக்கும். மரவேலை தெரிந்த ஆசாரி ஒருவரிடம் கிளப்பின் வலக்கைப் பிடியைப் படம் எடுத்துக் காட்டினால், அதைக் கண்ணாடியில் பார்த்தது போல் மாற்றிச் செய்து தருவார். அந்தப் படத்தைப் பிடியின் மூன்று பக்கங்களிலிருந்தும், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுங்கள்.