64,500 ரூபாய் நாமம்: காருக்கு பவர் ஏற்ற ஆசைப்படுபவர்கள் படிக்கவும்

கார் பவரை ஏற்றும் என்று நம்பி வாங்கிய டப்பாவை நேற்று ராத்திரிதான் பிரித்தோம். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. முன்னே பின்னே எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது பழைய பிஎம்டபிள்யூ இசட்4, 35ஐ. நான் மூன்றாவது ஓனர். ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, என்54 என்ஜின், கம்பெனிக் கணக்கில் 306 குதிரைத்திறன். பாண்டிச்சேரியில் இந்த காரை ஓட்டினால் பணக்காரன் என்கிறார்கள். சர்வீஸ் பில் கட்டவே எனக்கு நாக்குத் தள்ளுகிறது. அதனால்தான் குறைந்த செலவில் பவர் ஏற்ற வழி தேடினேன். இது பேராசையும் இல்லை. இந்த என்ஜினில் இசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) மென்பொருளை மட்டும் முறையாக மாற்றினாலே 350-ஐத் தாண்டும். பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், கூடுவதால் டர்போ காற்று போகும் பிளாஸ்டிக் பைப்பை எடுத்துவிட்டு அலுமினியம் போட்டுக்கொள்வார்கள்.

ஆன்லைனில் பார்ட்ஸ் விற்கும் ஒரு கடை. பேர் வேண்டாம், வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் சொல்லவும் காசில்லை. போனில் பேசியவன் முதலில் "சார்" என்றான், பத்து நிமிடத்தில் "அண்ணே" ஆகிவிட்டான். "அண்ணே, உங்களது என்54-ஆ, என்55-ஆ? 55-ல ஒரே டர்போதான், அந்த பைப் உங்களுக்கு உட்காராது. மாத்தி வாங்கி ஏமாந்துடாதீங்க" என்றான். அந்த இடத்தில்தான் விழுந்தேன். ஏமாந்துவிடாதே என்று சொல்பவன் ஏமாற்றுவானா? செருகினாலே பவர் ஏறும் என்ற ட்யூனிங் பாக்ஸ் 41,000, பைப் 23,500, மொத்தம் 64,500 ரூபாய். பாதி அட்வான்ஸ் போதும் என்றவன், முழுசாகப் போட்டால் ஏர் ஃபில்டர் ஃப்ரீ என்றான். ஃப்ரீ ஃபில்டருக்காக முழுசாகப் போட்டேன்.

பார்சல் வந்தது. ஃபில்டர் இல்லை. பாக்ஸை ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் ஸ்கேனர் மாட்டும் இடம்) செருகினால் பச்சை, சிவப்பு என்று லைட் எரிந்தது. வண்டியில் ஒரு மாற்றமும் இல்லை. கேட்டால், "200 கிலோமீட்டர் ஓட்டுங்க அண்ணே, கார் கத்துக்கணும்" என்றான். ஈசிஆரில் மரக்காணம் வரை மூன்று தடவை போய்வந்தேன். கார் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. அப்புறம் "பெட்ரோல் சரியில்லை" என்றான். அப்புறம் "டெக்னீஷியன் லீவு". பணத்தைத் திருப்பிக் கேட்டதும் மறுபடியும் "சார்" ஆனேன்: "எலக்ட்ரிகல் ஐட்டம் ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் சார்." கடைசியில் பிளாக்.

முதலியார்பேட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் டப்பாவைத் திறந்தார். சின்ன போர்டு, லைட்டை மினுக்க ஒரு சிப், அவ்வளவுதான். காரின் கம்ப்யூட்டரோடு பேசத் தேவையான கேன் சிப் உள்ளே இல்லவே இல்லை. "தம்பி, இது சீரியல் பல்பு" என்றார். பைப்பை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அது என்55 பைப். எது உட்காராது என்று பாடம் எடுத்தானோ, அதையே அனுப்பியிருக்கிறான்!

வீட்டில் இன்னும் 64,500 என்று சொல்லவில்லை. "ஏதோ ஆறாயிரம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ட்யூனிங் பற்றி விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. சுருக்கமாக: செருகினால் பவர் ஏறும் என்று எவன் சொன்னாலும் வாங்காதீர்கள். உங்கள் கண்ணெதிரே, முன்னும் பின்னும் டைனோவில் (காரின் பவரை அளக்கும் மெஷின்) ஏற்றிக் காட்டினால் மட்டும் காசு கொடுங்கள். முழுப் பணமும் முன்கூட்டியே போடாதீர்கள். ஏமாந்தால் உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அடியுங்கள், என்னைப் போல 23 நாள் "அண்ணே"வை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

கடலூர், பாண்டி பக்கம் யாராவது என்55 என்ஜின் வைத்திருந்தால் சொல்லுங்கள். பைப் பெட்டியோடு அப்படியே இருக்கிறது, கிடைத்த விலைக்குத் தந்துவிடுகிறேன்.