எஞ்சினை இறக்காமலே ஒயில் கசிவைக் கண்டுபிடித்த ஆரையம்பதிக் கராஜ்

1970ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் என்ற பழைய பிரித்தானியத் திறந்த கார் ஒன்றை மட்டக்களப்பில் வைத்து ஓட்டுபவருக்கு, நிறுத்திய இடமெல்லாம் அது விட்டுச் செல்லும் ஒயில் பொட்டுகள் பெரிய தலையிடி. என் காரில் அந்தச் சொட்டு, எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் மணி வடிவ உறையின் அடித்துவாரத்திலிருந்து விழுந்தது. முதலில் காட்டிய கராஜில், குனிந்து பார்த்த மாத்திரத்தில், எஞ்சினின் பின்முனையில் ஒயிலைத் தடுத்து வைக்கும் பின் ஒயில் சீல் போய்விட்டதாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். இந்தக் காரில் கியர்பொக்ஸை மட்டும் கீழால் இறக்க இயலாது, எஞ்சினைக் காரிலிருந்து தூக்கி இறக்கினால்தான் அந்தச் சீலைத் தொட முடியும். இவ்வளவு பெரிய வேலையை வெறும் ஊகத்தில் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

ஆரையம்பதியில், கல்முனை வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பும் ஒழுங்கை ஒன்றில் இருக்கும் இந்தக் கராஜுக்குப் பெயர்ப்பலகை கூடக் கிடையாது. ஹையேஸ் வான்களும் முச்சக்கரவண்டிகளுமே அங்கு வழக்கமாக நிற்பவை. ஆனால் அங்குள்ள மெக்கானிக், "அவசரப்பட வேண்டாம் சேர், முதல்ல கழுவிப் பார்ப்பம்" என்று சொன்ன விதத்திலேயே நம்பிக்கை பிறந்தது.

எஞ்சினை நன்றாக ஆறவிட்டு, கார்புரேட்டர்களையும் டிஸ்ரிபியூட்டரையும் பொலித்தீனால் கட்டிய பின், மணலும் பழைய ஒயிலும் சேர்ந்து இறுகிப்போன கரியை மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு, இரும்பின் நிறம் தெரியும் வரை தேய்த்து எடுத்தார்கள். கசியும் ஒயில் கீழ்நோக்கி வழிவதோடு, காற்றாடியும் ஓட்டத்தின் காற்றும் தள்ளுவதால் பின்நோக்கியும் பரவும். ஆகவே சொட்டு விழும் இடத்தை அல்ல, ஈரத்தின் மிக உயர்ந்த, மிக முன்னான புள்ளியைத்தான் தேட வேண்டும். அழுக்கு மூடிய எஞ்சினில் அந்தப் புள்ளி ஒருபோதும் தெரியாது.

அடுத்து, வாகன ஏசி வேலைக்கு வைத்திருந்த புறஊதா டோர்ச்சை எடுத்து, எஞ்சின் ஒயிலுக்கென்றே விற்கப்படும் ஒளிரும் சாயத்தை ஒயிலில் கலந்தார்கள். எம்.ஜி.பி.யின் கியர்பொக்ஸுக்கும் எஞ்சினுக்கு ஊற்றும் அதே 20டபிள்யூ-50 ஒயில்தான் என்பதால், மற்றக் கார்களில் போலக் கியர் ஒயிலின் கந்தக வாடையை வைத்து, கசிவது எதன் ஒயில் என்று பிரித்தறிய வழியில்லை. சாயத்தை எஞ்சினில் மட்டும் சேர்த்தால் சந்தேகம் தானாகத் தீர்ந்துவிடும். இதை நான் சொல்லும் முன்பே அவர் யோசித்து வைத்திருந்தார்.

களுவாஞ்சிகுடி வரை ஓட்டி எஞ்சினைச் சூடாக்கித் திரும்பி, கராஜின் விளக்குகளை அணைத்துவிட்டு அந்த டோர்ச்சால் பார்த்தபோது, புகையை வெளியேற்றும் மனிஃபோல்டுக்குப் பின்னால், எஞ்சினின் பக்கவாட்டில் ஒளிந்திருக்கும் டப்பட் மூடிகள் எனும் இரண்டு தகட்டு மூடிகளில் பின்னாலுள்ளதன் கீழ் விளிம்பிலிருந்து மஞ்சள் பச்சைக் கோடு ஒன்று இறங்கியது. அது புளொக்கின் ஓரமாக வழிந்து, மணி உறையின் வெளிப்புறத்தைச் சுற்றி, அடித்துவாரத்தில் தொங்கும் ஸ்பிளிட் பின் எனும் கம்பி ஊசியின் நுனியில் துளியாகத் திரண்டு நின்றது. துவாரத்தின் உட்புறமோ காய்ந்தே இருந்தது. பின் சீலின் மீது சுமத்தப்பட்ட பழி அவ்விடத்திலேயே நீங்கியது.

அத்தோடு விடாமல், முன் டப்பட் மூடியிலிருந்து கார்புரேட்டருக்குச் செல்லும் காற்றுக்குழாயையும் கழற்றிப் பார்த்தார்கள். மூடியின் உள்ளே இருக்கும் கம்பிவலை கசடு பிடித்து அடைபட்டிருந்தது. இப்படி அடைத்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தாண்டி ஒயில் வெளியே வரும். புதுச் சீல் போட்டும் கசிவு நிற்கவில்லை என்று பழைய கார்க்காரர்கள் குறைப்படுவதற்குப் பல இடங்களில் இதுவே காரணம். பின் மூடியோ, நடுப் போல்டை யாரோ மிஞ்சி இறுக்கியதால் வளைந்திருந்தது. தட்டையான இரும்பின் மேல் வைத்து மெல்லத் தட்டி நேராக்கிய பின்னரே மூடியின் இடைவெளியை அடைக்கும் புதிய கோர்க் கஸ்கெட்டைப் போட்டார்கள்.

குறைகளும் உண்டு. நேரம் கொடுத்தாலும் வான்காரர்கள் வந்தால் நம் வேலை பின்னுக்குப் போய்விடும். கஸ்கெட்டில் சிலிக்கன் பசையைத் தேவைக்கு மேல் பூசியிருந்தார்கள்; கோர்க்குக்கு அவ்வளவு வேண்டாம் என்பதோடு, உட்பக்கம் பிதுங்கிய துண்டு கழன்று விழுந்தால் ஒயில் பம்பின் சல்லடைக்கே போய்ச் சேரும். நான் கேட்ட பிறகுதான் அதைத் துடைத்தார்கள். என்ன பார்த்தோம், என்ன செய்தோம் என்று எழுதிய பில்லும் கிடைக்காது.

மனிஃபோல்டைக் கழற்றிப் பூட்டிய கூலியைச் சேர்த்தும், எஞ்சின் இறக்கக் கேட்ட தொகையில் சிறு பங்குதான் முடிந்தது. எம்.ஜி.பி.க்கான கஸ்கெட் எதுவும் அவர்களிடம் இருப்பில் இல்லை என்பதால், டப்பட் மூடிகள், வால்வு மூடி, மனிஃபோல்ட் ஆகியவற்றுக்கானவற்றை முன்கூட்டியே வரவழைத்துக் கையோடு கொண்டு போவது நல்லது.