ஃபுளோரிடா கடற்கரையில் இரவுச் சுறா பிடிப்பு: கைடுக்குப் பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

கோடை விடுமுறையில் ஃபுளோரிடா வரும் நம்மவர்கள் பலர், இரவில் கரையில் நின்று சுறா பிடிக்கும் டூர் பற்றிக் கேட்கிறார்கள். ஜூன் மாதம் நானும் மச்சானும் அவருடைய 16 வயது மகனும் மெல்போர்ன் பீச் பக்கம் அப்படி ஒரு கைடுடன் போனோம். 450 டாலர் போயிற்று. பணத்தைக்கூட விட்டுவிடலாம். சட்டம் தடுத்த காரியத்தை எங்களை வைத்தே செய்தாரே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

பேசும்போது நான் முதலில் கேட்டதே உரிமம் பற்றித்தான். "என் பெர்மிட்டே எல்லோருக்கும் போதும்" என்றார். அது பொய். 2019 ஜூலை 1 முதல், கரையிலிருந்து சுறா பிடிக்கும் 16 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவரும் மாநில வனவிலங்கு ஆணையத்தின் பாடத்தை இணையத்தில் முடித்து, தங்கள் பெயரிலேயே பெர்மிட் எடுக்க வேண்டும். 65 தாண்டியவர்களுக்கும் விலக்கு இல்லை. பெர்மிட் இலவசம். வெளிமாநிலத்தவருக்கு கடல் மீன்பிடி உரிமம் தனியாக வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு. இத்தனை எளிதான விஷயத்தை மறைத்து, அதிகாரி வந்தால் நாங்கள் மாட்டிக்கொள்ளும்படி விட்டிருக்கிறார்.

இருட்டியதும் ஒரு வாளி மீன்குடலையும் ரத்தத்தையும் அலையில் கொட்டினார். கரையிலிருந்து அப்படிக் கொட்டக் கூடாது என்பதும் சட்டம்தான். காலையில் குழந்தைகள் குளிக்கிற இடம் அது. மீனை இரையாகக் கோத்தால் துருப்பிடிக்கும் உலோகத்தில் செய்த, வளைவு கோணாத வட்டத் தூண்டில் முள்தான் போட வேண்டும். அவர் பையில் இருந்ததெல்லாம் பளபளவென்ற எவர்சில்வர் முள்கள். தலையில் கட்டியிருந்த வெள்ளை விளக்கை அணைக்கவே இல்லை. பெருந்தலைக் கடலாமைகள் முட்டையிட ஏறி வரும் மாதம் அது. வெளிச்சம் கண்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும் என்று சொன்னேன். காதில் வாங்கவில்லை.

கயாக்கில் கொண்டுபோய்ப் போட்ட இரையில், வெகுநேரம் கழித்து ஒரு பெரிய கொம்பன் சுறா மாட்டியது. சுத்தியல் போலத் தலை இருக்குமே, அதேதான். புலிச்சுறாவும் இந்தக் கொம்பன்களும் 2012 முதல் ஃபுளோரிடா கடலில் பிடித்து வைத்துக்கொள்ளவே கூடாதவை. தவறி மாட்டினாலும் செவுள் தண்ணீருக்குள் இருக்கும்படி வைத்து, தாமதிக்காமல் விட்டுவிட வேண்டும். இவரோ வாலைப் பிடித்து உலர்ந்த மணல்வரை இழுத்து வந்து, பையனை அதன்மேல் உட்காரச் சொன்னார், போட்டோவுக்கு! அவன் மறுத்துவிட்டான். "இதற்குத்தானே காசு கொடுத்தீர்கள்?" என்று என்னிடம் சத்தம் போட்டார்.

சுறாவுக்கு நம்மைப் போல் விலாக்கூடு கிடையாது. தண்ணீர்தான் அதன் உடலைத் தாங்குகிறது. மணலில் கிடந்தால் அதன் எடையே உள்ளுறுப்புகளை அழுத்தும். அதிலும் பெருங்கொம்பன் தூண்டிலில் போராடியே சீக்கிரம் ஓய்ந்துபோகிற இனம். நீந்திப் போவதுபோல் தெரிந்தாலும் பிறகு செத்துவிடக்கூடும். முள்ளையோ அதைக் கட்டியிருக்கும் கம்பியையோ உடனே வெட்டும் கருவி கையில் இருந்தாக வேண்டும் என்பதும் விதி. அவரிடம் சின்ன கொறடு ஒன்றுதான் இருந்தது. கம்பி அறுபடவே இல்லை. கடைசியில் நானும் மச்சானும் முள்ளோடேயே அதைத் தண்ணீருக்குள் தள்ளி, அதன்பின் கயிற்றை அறுத்தோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். முன்பணம், வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் ஸெல் (Zelle) சேவையில் அனுப்பியது, அதனால் வங்கியாலும் எதுவும் செய்ய முடியவில்லை. கிரெடிட் கார்டு என்றால் தகராறு எழுப்பியிருக்கலாம். கார்டு வாங்கமாட்டேன் என்கிற கைடை அங்கேயே விட்டுவிடுங்கள்.

முறையாக நடத்துகிற கைடுகளும் இங்கே இருக்கிறார்கள். அவர்களே பெர்மிட் எடுத்துவிட்டீர்களா என்று கேட்பார்கள், முள்வெட்டியைக் காட்டுவார்கள். விளம்பரத்தில் மணலில் கிடக்கும் கொம்பன்மேல் ஆள் உட்கார்ந்திருக்கும் படம் இருந்தால், அந்த ஆளை அழைக்கவே வேண்டாம். கரையில் இப்படி நடப்பதைப் பார்த்தால் ஆணையத்தின் புகார் எண் 888-404-3922. நாங்கள் படங்களோடு புகார் கொடுத்திருக்கிறோம்.