அட்டாரி 8-பிட் கணினிக்கான ‘ஆக்‌ஷன்!’: ஒரு சேகரிப்பாளரின் மதிப்பீடு

அட்டாரியின் 8-பிட் வீட்டுக் கணினிகளுக்காக வெளிவந்த நிரல்மொழிகளைத் தேடிச் சேர்ப்பவர்களிடம் பேசிக், பைலட், லோகோ, ஃபோர்த், பாஸ்கல் எனப் பலவும் இருக்கும். அவற்றுள் ஒன்றை மட்டும் முதலில் காப்பாற்ற வேண்டுமானால், நான் தயங்காமல் எடுப்பது ‘ஆக்‌ஷன்!’ கார்ட்ரிட்ஜைத்தான், அதாவது கணினியில் செருகும் நிரல் பெட்டியைத்தான். கிளின்டன் பார்க்கர் உருவாக்கி, ஆப்டிமைஸ்டு சிஸ்டம்ஸ் சாஃப்ட்வேர் நிறுவனம் 1983இல் வெளியிட்ட இந்த மொழி அந்தக் கணினிகளின் மையச் செயலியான 6502-ஐ மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டது என்பது அதன் ஒவ்வொரு விதியிலும் தெரிகிறது. பெயரிலேயே ஆச்சரியக்குறி உண்டு. வாசிப்பு எளிமைக்காக இனி அதை விட்டுவிடுகிறேன்.

அட்டாரி பேசிக் எல்லா எண்களையும் 6 பைட் தசம எண்களாகவே கையாள்வதால், ஒன்று முதல் பத்து வரை எண்ணும் சிறிய சுழல்கூட அந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டுதான் நகர்கிறது. ஆக்‌ஷனில் இருப்பவை பைட், கார்டு, இன்ட் என்னும் மூன்றே அடிப்படை எண் வகைகள். முதலாவது ஒரு பைட், மற்ற இரண்டும் இரண்டிரண்டு பைட். 7,680 பைட் கொண்ட உயர்தெளிவுத் திரையை ஒவ்வொரு பைட்டாக நிரப்பும் நிரலை இரண்டிலும் எழுதி ஓட்டினேன். பேசிக்கில் திரை வரிவரியாக ஊர்ந்து நிரம்பியது. ஆக்‌ஷனில் கண் இமைப்பதற்குள் முடிந்துவிட்டது. ஒரு மாறியை அறிவிக்கும்போதே அது நினைவகத்தில் எந்த முகவரியில் அமைய வேண்டும் என்று சொல்லிவிடலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த வசதி. 710ஆம் முகவரியில் ஒரு பைட் மாறியை வைத்து அதற்கு மதிப்புக் கொடுத்தால், எழுத்துத் திரையின் பின்னணி நிறம் மாறுகிறது. வன்பொருளைத் தொட வேறு கட்டளையே தேவையில்லை.

நிரலை எழுதும் எடிட்டர், அதை இயந்திர மொழியாக்கும் கம்பைலர், ஓட்டிச் சோதிக்கும் மானிட்டர் மூன்றும் ஒரே 16 கிலோபைட் கார்ட்ரிட்ஜில் அடங்கியிருப்பதால், வட்டைத் தேடாமல் எழுதலாம், நினைவகத்திலிருந்தே கம்பைல் செய்யலாம், உடனே ஓட்டலாம். வரி எண்கள் இல்லை, திரையை இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். குறைகளும் உண்டு. மிதவைப்புள்ளி எண்கள் (பின்னம் கொண்ட எண்கள்) மொழியிலேயே இல்லை. ஒரு செயற்கூறின் உள்மாறிகளுக்கு நினைவகத்தில் நிலையான இடமே ஒதுக்கப்படுவதால், தன்னைத்தானே அழைக்கும் செயற்கூறுகளை இயல்பாக எழுத முடியாது. ஆனால் அந்த வேகத்துக்குக் கொடுத்த விலையில் இதுவும் ஒரு பகுதி என்பதால் எனக்கு இதில் வருத்தமில்லை.

பாதுகாத்தல் என்று வரும்போதுதான் உண்மையான கவனம் தேவைப்படுகிறது. பழைய பொருள் விற்பவர் ஒருவரிடம் நான் வாங்கிய கார்ட்ரிட்ஜ் முதலில் வெற்றுத் திரையையே காட்டியது. தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் இரண்டு முறை துடைத்த பிறகே உயிர் பெற்றது. அதன் பின்னும் அதன் உள்ளடக்கத்தை எடுத்த முதல் நகலை நம்பாமல், கழற்றி மாட்டி மூன்று முறை வாசித்து ஒப்பிட்டபோது, முதலாவதில் சில பைட்டுகள் மாறியிருந்ததைக் கண்டேன். நகல் எடுத்த ரோம் (கார்ட்ரிட்ஜின் நிலை நினைவகம்) 16,384 பைட் என்றால், 16 பைட் தலைப்புடன் கூடிய கார்ட்ரிட்ஜ் கோப்பு 16,400 பைட் இருக்க வேண்டும். அந்தத் தலைப்பை அற்பமாக நினைக்க வேண்டாம். இந்த நிறுவனத்தின் 16 கிலோபைட் கார்ட்ரிட்ஜ்கள் 8 கிலோபைட் இடத்தில் பகுதி பகுதியாக மாறி மாறித் தோன்றுபவை. அந்த மாற்றம் ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளில் அமைக்கப்பட்டிருந்தது. எது எந்த முறை என்பதைத் தலைப்பே, பழைய கணினியைப் போல இயங்கும் எமுலேட்டர் மென்பொருளுக்குச் சொல்கிறது. தலைப்பில்லாத நகல்களைச் சேர்த்து வைத்தவர்கள் பின்னாளில் ஊகித்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.

சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் தவறவிடுவது ரன்டைம் தொகுப்பு. ஆக்‌ஷனில் கம்பைல் செய்த நிரல், அச்சிடுவது போன்ற பல வேலைகளுக்குக் கார்ட்ரிட்ஜில் உள்ள நூலகத்தையே அழைக்கிறது. கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டால் அந்த நிரல் ஓடாது. பிறர் கணினியிலும் ஓட வேண்டுமானால், தனியாக விற்கப்பட்ட ரன்டைமைச் சேர்த்துக் கம்பைல் செய்ய வேண்டும். ஆகவே பழைய ஃபிளாப்பிகளில் கிடைக்கும் ஆக்‌ஷன் நிரல்களைச் சேமிக்கும்போது, ஓடும் கோப்பை மட்டும் எடுத்து மூல நிரலை விட்டுவிடுவது பாதி வேலைதான். ஒற்றை அடர்த்தி வட்டில் 128 பைட் கொண்ட 720 செக்டர்கள் உண்டு, வட்டின் முழு நகலான ஏ.டி.ஆர். கோப்பு, 16 பைட் தலைப்பையும் சேர்த்து, 92,176 பைட் இருக்கும். அதற்குக் குறைந்தால் எங்கோ வாசிப்பு நின்றுபோயிருக்கிறது என்று பொருள்.

2015இல் பார்க்கர் ஆக்‌ஷனின் மூல நிரலை ஜி.பி.எல். என்னும் திறந்த உரிமத்தில் வெளியிட்டது இதன் எதிர்காலத்துக்குக் கிடைத்த பெரிய பலம். கம்பைலர் எப்படிச் சிந்திக்கிறது என்பதை இன்று யார் வேண்டுமானாலும் படித்து அறியலாம், திருத்தலாம். இந்த நல்வாய்ப்புக் கிடைக்காத மொழிகள் என் அலமாரியில் எத்தனையோ உள்ளன. அவற்றின் ரோம் நகல் மட்டுமே என்னிடம் மிஞ்சியிருக்கிறது.

இப்போது வாங்க நினைப்பவர் பெட்டியின் அழகைப் பார்ப்பதைவிட, கையேடு உடன் வருகிறதா என்று கேட்கட்டும். நூலகச் செயற்கூறுகள் ஒவ்வொன்றும் எதை வாங்கி எதைத் திருப்பித் தருகிறது என்ற விளக்கம் அதில்தான் இருக்கிறது, நான் இன்றும் மேசையில் விரித்து வைத்திருப்பதும் அந்தப் பக்கங்களைத்தான்.