மனச்சிதைவும் வன்முறையும்: இருவகை மூளைப் படங்கள்

களியக்காவிளை, பாறசாலைப் பக்கத்துக் குடும்பங்கள் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்ற மனநோய் உள்ளவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று ஸ்கேன் எடுக்கும்போது, "இவன் இனிமேல் கை நீட்டுவானா?" என்று கேட்பதுண்டு. சாதாரண எம்.ஆர்.ஐ. மூளையின் வடிவையும் பருமனையும் காட்டும். கட்டி போன்ற வேறு காரணம் உண்டா என்று பார்க்க மருத்துவருக்கு அது உதவும். செயல்பாட்டு எம்.ஆர்.ஐ.யிலோ, குழாய்க்குள் படுத்திருப்பவர் முன் அஞ்சிய முகமும் சினந்த முகமும் மாறி மாறித் தோன்ற, அவர் பொத்தானை அழுத்த, அச்சம் போன்ற உணர்ச்சிகளில் பங்குகொள்ளும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியிலும் நெற்றிப்புற மூளையிலும், அவை இயங்குவதற்கேற்ப இரத்த ஆக்சிஜன் மாறுவது பதிவாகிறது. அம்மாற்றம் உச்சத்தை எட்டவே 5 அல்லது 6 வினாடிகள் ஆகும். உணர்ச்சியை ஆராய இரண்டாவதே மேல் என்பேன். ஆயினும் அது பெரும்பாலும் குழுக்களின் சராசரி வேறுபாட்டையே சொல்லும். தனியொருவர் அடிப்பாரா என்பதை இரண்டுமே சொல்லா. இந்நோயாளிகளில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. ஐயம் இருந்தால், குடிப்பழக்கம் உண்டா, மருந்து நின்றுவிட்டதா, முன்பு அடித்ததுண்டா என்று வீட்டாரிடம் பொறுமையாக விசாரிப்பதே பயன் தரும்.