பழைய ஜிப்ஸியா, பழைய தாரா?

குறைந்த பட்ஜெட்டில் லோ கியரோடு (மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்ட உதவும் கியர்) நம்பகமான ஃபோர் வீல் டிரைவ் வேண்டுமென்றால், மாருதி ஜிப்ஸி (1.3 லிட்டர் பெட்ரோல்), 2020க்கு முந்தைய மஹிந்திரா தார் சிஆர்டிஇ (2.5 லிட்டர் டீசல்) இரண்டும் கண்ணில் படும்.

ஜிப்ஸியின் எடை சுமார் ஒரு டன்தான். சேற்றில் எளிதில் புதையாது, புதைந்தாலும் நாலு பேர் தள்ளினால் வந்துவிடும். ஆனால் நான்கு பக்கமும் லீஃப் ஸ்பிரிங் (அடுக்கிய இரும்புப் பட்டைகளால் ஆன ஸ்பிரிங்), முதுகுக்குக் கேடு. வாங்குமுன் முன்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். அப்போது ஆட்டம் நின்றுவிட்டால் தேய்ந்தது வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் பேரிங் (சக்கரம் திரும்பும் மூட்டின் பேரிங்). ஓட்டும்போது ஸ்டீயரிங் உதறுவதற்குக் கிங்பின் பேரிங்கே பெரும்பாலும் காரணம். ஃப்ரீ வீல் ஹப்பை (முன்சக்கரத்தை ஆக்ஸிலோடு, அதாவது அச்சோடு, இணைத்துப் பிரிக்கும் பூட்டு) லாக், ஃப்ரீ என மாற்றிச் சக்கரத்தைச் சுற்றுங்கள். லாக்கில் மட்டுமே ஆக்ஸிலும் சேர்ந்து சுற்ற வேண்டும்.

தாரின் பலம் இழுவை (டார்க்): 247 நியூட்டன் மீட்டர், ஜிப்ஸிக்கு 103தான். மலையேற்றத்தில் இந்த வித்தியாசம் தெரியும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென வந்தால் இன்ஜின் தேய்ந்த வண்டி, வாங்காமல் விட்டுவிடுங்கள். முன் ஆக்ஸிலின் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா பாருங்கள்.

துரு இரண்டுக்கும் பொது எதிரி: உள்ளே தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், அடியில் சேஸியைச் (வண்டியின் அடிச்சட்டம்) சுத்தியலால் தட்டுங்கள். ஃபோர் வீலைத் தார்ரோட்டில் சோதிக்காதீர்கள், மண்ணில் மட்டும்.

தோட்டத்துக்கும் காட்டுப்பாதைக்கும் ஜிப்ஸி. நெடுஞ்சாலையும் சுமையும் உண்டென்றால் தார்.