கோணத்தை மூன்றாகப் பிரிக்கும் அக்ரிலிக் தகடு: பீன்யா லேசர் பட்டறை வேலை எப்படி?

கவராயமும் குறியில்லாத அளவுகோலும் மட்டும் வைத்து எல்லாக் கோணத்தையும் மூன்று சம பாகமாக்க முடியாது என்று 1837-இல் பிரெஞ்சுக் கணிதர் வான்ட்செல் நிறுவிவிட்டார். பெங்களூரு பீன்யாவில் தமிழ் ஆட்கள் நடத்தும் சின்ன லேசர் பட்டறை ஒன்று வெட்டிக் கொடுத்த இந்த 3 மி.மீ. தகட்டின் விளிம்பு அதைச் செய்கிறது.

விளிம்பின் கணக்கு அழகானது. ஒரு கலப்பெண்ணோடு (மெய்ப் பகுதியும் கற்பனைப் பகுதியும் கொண்டு, தளத்தில் ஒரு புள்ளியாக நிற்கும் எண்) 1 கூட்டி, மும்மடியாக்கி, முதலில் எடுத்த எண்ணாலேயே வகுத்தால் ஒரு லோரான் பல்லுறுப்புக்கோவை (எதிர்மறை அடுக்கும் வரும் பல்லுறுப்புக்கோவை). வகுக்கும் எண்ணின் கோணம் மும்மடியின் கோணத்தோடு கழிந்துபோனால் விடை மெய்யெண். ஆக, மெய் அச்சிலிருந்து (மெய்யெண்கள் நிற்கும் கிடைக்கோடு) அளந்தால், −1-இலிருந்து பார்க்கும் கோணத்தைப் போல் மூன்று மடங்கு, சுழியிலிருந்து (0) பார்க்கும் கோணம். இப்படி வரும் புள்ளிகள், மெய் அச்சை விட்டுவிட்டால், ஸ்காட்லாந்துக் கணிதர் மக்லாரின் 1742-இல் ஆராய்ந்த வளைவரை. அதில் சுழியைச் சுற்றி மூடிக்கொள்ளும் கண்ணிதான் தகடு.

1 அலகு 100 மி.மீ. என்றால் கண்ணி 150 மி.மீ. நீளம், சுமார் 118 மி.மீ. அகலம். சுழியிலிருந்து விளிம்புக்குத் தூரம்: 50-ஐ, கோணத்தில் மூன்றிலொன்றின் கொசைனால் வகுத்தால் வருவது. இந்தச் சூத்திரத்தில் பாகைக்கு ஒரு புள்ளி எடுத்து டி.எக்ஸ்.எஃப். (கணினி வரைபடக்) கோப்பாகக் கொடுங்கள். புள்ளிகள் ஆயிரக்கணக்கில் போனால் லேசர் தலை தயங்கித் தயங்கி நகர்ந்து விளிம்பு பொரிந்துவிடும். விடையின் கற்பனைப் பகுதி சுழியாகும் (அதாவது விடை மெய்யெண்ணாகும்) கோட்டை மென்பொருளே கட்டம்போட்டுத் தேடி வரையட்டும் என்று விடவேண்டாம்; −1-இல் ஆறு கோட்டுக் கிளைகள் 60 பாகை இடைவெளியில் கூடுவதால் அங்கே தப்பாக இணைத்துவிடும்.

பட்டறையின் குறையும் அதே −1-இல்தான். சொல்லாவிட்டால் வெட்டை அந்த மூலையிலேயே தொடங்குகிறார்கள். துளைக்கும் சூட்டில் 120 பாகை மூலை உருகி மழுங்குகிறது. தொடக்கத்தை எதிர்முனைக்கு மாற்றச் சொல்லுங்கள், அந்த இடம் அளவுக்குத் தேவைப்படாது. மெய் அச்சை வெட்டாமல் கீறினால் போதும். சுழியில் 1 மி.மீ. துளை.

துளையைக் கோணத்தின் முனையில் வைத்து, கீறலில் மூலைக்கு எதிர்ப்பக்கம் உள்ள பாதியைக் கோணத்தின் ஒரு கோட்டோடு பொருத்தி, மறு கோடு விளிம்பைத் தொடும் இடத்தையும் மூலையையும் பென்சிலால் குறித்து இணைக்கவேண்டும். 90 பாகைக்கு விளிம்பு 57.7 மி.மீ. உயரத்தில் வந்து, மூலையில் 30 பாகை நிற்கவேண்டும்; கடையிலேயே சோதித்து வாங்குங்கள். 120 பாகை வரை நம்பலாம். 170-க்குப் போனால் குறித்த புள்ளி மூலையிலிருந்து 19 மி.மீ. தள்ளித்தான் இருக்கும், மூலை 0.3 மி.மீ. பிசகினாலும் கிட்டத்தட்ட ஒரு பாகை தவறும். அகன்ற கோணத்தைப் பாதியாக்கிப் பிரித்து, கிடைத்ததை இரட்டியுங்கள்.